மூன்றாவது விரல்

சேசு மரி சூசை துணை

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
1927 ஜூன் 5

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு உன் அக்காள் செசிலியா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அத்தானும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. ரயில்வே ஷெட்டில் நாளெல்லாம் நிற்கிற மனிதருக்கு முழங்கால் வலிக்காமல் மூக்கா வலிக்கும்? உன் சுகத்துக்கு எழுதவும். எழுதவும் என்றால் மூன்று வரி அல்ல. போன கடிதத்தில் "சுகம், மழை, வேலை அதிகம்" என்று முடித்துவிட்டாய். தந்திகூட இதைவிட நீளமாக இருக்கும். தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கிறவனுக்கு எழுத்துக்குமா பஞ்சம்?

மதலேன் போய் ஆறு மாதம் முடிந்துவிட்டது. என் நாமத் திருநாளன்று போனாள். இனி அந்த நாளில் யாரும் எனக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டாம் என்று இங்கே சொல்லி வைத்துவிட்டேன். தம்பி, உன் பெண்டாட்டி ஆற்றுத்துறையில் துணி அலசப் போனாள், பலகை வழுக்கிவிட்டது, வெள்ளம் இழுத்துக்கொண்டது. நீ அப்போது பன்னிரண்டாம் நம்பர்க் காட்டில் வேலையாக இருந்தாய். அப்படித்தான் எங்களிடமும் சொன்னாய், சுவாமியாரிடமும் சொன்னாய். பின் ஏன் ஊரிலுள்ள குற்றத்தையெல்லாம் தலையில் தூக்கிக்கொண்டவன் மாதிரி வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாய்?

இத்துடன் ஒரு செபமாலை அனுப்பியிருக்கிறேன். சுவாமியார் மந்திரித்துக் கொடுத்தது. காலை ஆறு, உச்சி பன்னிரண்டு, மாலை ஆறு, மூன்று வேளையும் திரிகாலச் செபமும் ஐம்பத்து மூன்று மணியும் சொல். ஒரு நாளும் விடாதே. செபம் என்றால் நாம் பேசுவது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேசி முடித்துவிட்டு நெஞ்சைத் திறந்து, காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதும் செபந்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்காள்
செசிலியா

*

கோத்தா திங்கிக்கு மேல், ஆற்றோரத் தோட்டம்
1927 ஜூன் 24

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அவர்களுக்கு இன்னாசி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் சுகம். அத்தான் முழங்காலுக்கு இங்குள்ள மலாய்க்காரர் காய்ச்சுகிற எண்ணெய் ஒரு புட்டி, நாளை பஸ்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

செபமாலை வந்தது. அன்றே தொடங்கிவிட்டேன். காலைச் செபம் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் ஓடிவிடுகிறது. விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிக்க வேண்டும் அல்லவா? மாலையில் ஆபீசில் துரை கூப்பிடுவார். உச்சிச் செபந்தான் நிம்மதி. பதினொன்றரைக்குள் ஆட்கள் ரப்பர்ப் பால் தூக்கி ஸ்டோரில் ஊற்றிவிட்டு லயத்து வீடுகளுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் தோட்டத்தில் ஓர் ஈ காக்கை இருக்காது. வெயிலுக்கு ரப்பர்க் காய் வெடிக்கிற சத்தம் மட்டும் எங்கேயாவது கேட்கும். வீட்டின் பின்வாசலில், ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து சொல்கிறேன்.

நீங்கள் நீளமாக எழுதச் சொன்னீர்கள். எழுத வேறு விசேஷம் இல்லை. ஒன்றே ஒன்று உண்டு. இந்த ஒரு வாரமாக, ஐம்பத்து மூன்று மணியும் முடிந்து நான் சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாரோ கூப்பிடுகிறார்கள். ஆற்று வளைவுக்கு அப்பால் இருந்து. எழுந்து போய்ப் பார்த்தேன். தோணி இல்லை, ஆள் இல்லை. மலாய்க்காரர் குடியிருக்கிற கம்பத்து வீடுகளிலிருந்து சத்தம் தண்ணீர்மேல் வந்திருக்கலாம்.

இப்படிக்குத் தம்பி
இன்னாசி

*

சிங்கப்பூர்
1927 ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு, சுகம். எண்ணெய் வந்தது. அத்தான் தேய்த்துக்கொண்டு நடக்கிறார், வீடு முழுக்க மீன் சந்தை வாடை. உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு மேலே போய்விட்டாயே, யார்? ஆணா, பெண்ணா? என்ன சொல்லிக் கூப்பிடுகிறது? "இன்னாசி" என்கிறதா, "கிராணியாரே" என்கிறதா? சர்வேசுரன் மனிதரைக் கூப்பிடுவது உண்டு. அதற்குப் பெரிய அர்ச்சியசிஷ்டராக இருக்கவேண்டும் என்று இல்லை, என் தம்பி மாதிரி மக்குப் பயலையும் கூப்பிடலாம். ஆனால் செபம் பண்ணுகிற இடத்தில் பசாசும் சுற்றி வரும். அதனால்தான் கேட்கிறேன். என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று அடுத்த தபாலில் எழுது.

சர்வேசுரன் குரல்தான் என்று தோன்றினால் "இதோ வந்தேன்" என்று சொல். அதற்கு மேல் அவர் பார்த்துக்கொள்வார்.

அக்காள்
செசிலியா

*

ஆற்றோரத் தோட்டம்
1927 ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்கா அவர்களுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் தேவமாதாவை வேண்டுகிறேன்.

மூன்று வேளைச் செபமும் தவறவில்லை. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தபோதும் படுத்தபடியே சொன்னேன். ஆனால் அக்கா, செபம் கூடக் கூட அந்தச் சத்தம் கிட்டே வருகிறது. முதலில் ஆற்று வளைவில் கேட்டது என்று எழுதினேன். பத்து நாளில் துறைக்கு வந்தது. இப்போது புளியமரத்தடியிலிருந்து கேட்கிறது. ஒவ்வொரு நாளும் இரண்டு தரம். அதற்கு மேல் இல்லை.

ஐயாசாமிக் கங்காணியிடம் சொன்னேன். இந்தத் தோட்டத்தில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதர் அவர்தான். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டார். "வாயத் தொறந்துடாதீங்க கிராணியாரே! நான்தான் வந்த புதுசுலயே சொன்னேனே. உச்சி வேளையில ஒரு தரம் கூப்புட்டா காத்து. ரெண்டு தரம் கூப்புட்டா காட்டுல உள்ளது. மூணு தரம் கூப்புட்டாத்தான் மனுசன்" என்றார். இங்கே எல்லாரும் அப்படித்தான். நான் வந்த வருஷம் காய்ச்சலில் முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். ஆற்றுக்கு மேலே இருந்த பழைய லயத்தையே மூடிவிட்டார்கள். அது முதல் பகலில் யார் கூப்பிட்டாலும் மூன்று ஆகிறவரை வாய் திறப்பது இல்லை. உள்ளங்கையை விரித்து விரலை மடக்கி எண்ணிக்கொள்வார்கள்.

நான் கிறிஸ்தவன், இதையெல்லாம் நம்பக் கூடாது. தெரியும். ஆனாலும் உச்சி வேளையில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அன்று பாதி சாப்பிட்டு மூடி வைத்த நெத்திலிக் குழம்பும் சோறும் சாயந்தரம்வரை தட்டில் கிடந்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் நெத்திலி வாங்குவதில்லை.

வேறு விசேஷம் இல்லை.

இன்னாசி

*

சிங்கப்பூர்
1927 ஆகஸ்ட் 15
தேவமாதா ஆரோபணத் திருநாள்

அன்புள்ள தம்பிக்கு, சுகம். திருநாள் பூசைக்குப் போய்வந்து எழுதுகிறேன்.

என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று கேட்டிருந்தேன். கங்காணி வெற்றிலை துப்பியதுவரை எழுதியிருக்கிறாய், அதை எழுதவில்லை.

இன்னொன்று. அன்றைக்கு நீ கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே பன்னிரண்டாம் நம்பர்க் காட்டுக்குப் போய்விட்டதாக அடக்கத்தன்று என்னிடம் சொன்னாய். வீட்டுத் தட்டில் பாதிச் சோறு யாருடையது?

நான் உன்னை அதட்டவில்லை. சின்ன வயதில் நீ மண் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பாய், நான் "ஆ காட்டு" என்பேன். அந்த அக்காள்தான் இப்போதும் கேட்கிறேன். செபத்தை மட்டும் நிறுத்திவிடாதே.

செசிலியா

*

ஆற்றோரத் தோட்டம்
1927 செப்டம்பர் 3

அக்கா அவர்களுக்கு. சுகம்.

செபத்தை நிறுத்திவிட்டேன். நிறுத்திய அன்றே அதுவும் நின்றுவிட்டது. செபமாலையை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடைசி நாள் அது அடுக்களைக்குப் பின்னால் வந்துவிட்டது. தட்டியைத் தள்ளினால் கை படும் தூரம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

இன்னாசி

*

1927 அக்டோபர் 10

மகராசி செசிலியாம்மா அவர்களுக்கு, கிராணியார் வேல பாக்குற தோட்டத்துல கங்காணியா இருக்குற ஐயாசாமி கும்புட்டு எழுதிக்கிறது. உங்கள நான் ஒரே தரந்தான் பாத்திருக்கேன், அந்தம்மா அடக்கத்துல. எனக்கு எழுத்து சுமாராத்தான் வரும், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. நீங்க போட்ட மூணு கடுதாசியும் ஒடைக்காம கிராணியார் மேசையில கெடக்குது. அதப் பாத்துத்தான் வெலாசம் எடுத்தேன்.

அம்மா, கிராணியார் நல்லா இல்ல. காதுல பஞ்ச வச்சிக்கிட்டுத் திரியுறாரு. நாங்க கூப்புட்டா ஏன்னு கேக்குறது இல்ல. துரை கூப்புட்டாக்கூடத் திரும்புறது இல்ல, முந்தாநேத்து அதுக்கு ஏச்சு வாங்குனாரு. அதுகூடப் பரவால்ல. காலையில பெரட்டுல பேரு வாசிக்கிறாரு பாருங்க, நூத்திப் பதினாலு பேரு. கடைசிப் பேரு முடிஞ்சதும் பஞ்ச எடுத்துடுறாரு. பேரேட்ட மூடாம அப்படியே நிக்கிறாரு. யாரோ இன்னும் ஒரு ஆளு பதில் சொல்லணும்ங்கற மாதிரி. நாங்களும் நிக்கிறோம். ஆத்துப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்காரு. அந்த நேரத்துல ஒரு புள்ளகூட அழுவறது இல்லம்மா. பொம்பளைங்க எல்லாம் பயந்துகெடக்குதுங்க.

நீங்க சொன்னாக் கேப்பாரு. எனக்கு ஒன்னு மனச அரிக்குது. அந்த மூணு தரம் கணக்க அவருக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். நல்லதுக்குன்னுதான் சொன்னேன்.

இப்படிக்கு
ஐயாசாமி

*

சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்
1927 அக்டோபர் 19

என் தம்பி இன்னாசிக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்து, நீ உடைத்து வாசிக்கிறவரை பக்கத்திலேயே நிற்கும்படி கங்காணிக்கு எழுதியிருக்கிறேன். அதனால் பஞ்சை எடுத்துக் கீழே போட்டுவிட்டு வாசி.

நான் உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பதினொரு மாதமாக மறைத்திருக்கிறேன். அவள் அடக்கம் முடிந்து நான் சிங்கப்பூர் திரும்பிய மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. மதலேன் கையெழுத்து. போவதற்கு இரண்டு நாள் முன்பு போட்டிருக்கிறாள். மழையில் தபால் தாமதம். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

"மதினி, உங்க தம்பிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. கங்காணி பேச்சைக் கேட்டுக்கிட்டு, நான் சாப்பிடக் கூப்பிட்டாக்கூட இரண்டு விரலை மடக்கி எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. மூணாவது தரம் கூப்பிட்டாத்தான் வர்றாரு. சோறு ஆறிப்போகுது. நான் இப்பவெல்லாம் மூணையும் ஒரே மூச்சுல கூப்பிட்டுடறேன். அவசரத்துக்கு மூணு கூப்பிட நேரமிருக்குமா? நீங்க வந்து ஒரு போடு போடுங்க, திருந்துவாரு."

இதை வாசித்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத்தானிடம்கூடக் காட்டவில்லை. நீ பன்னிரண்டாம் நம்பர்க் காட்டில் இருந்தேன் என்று சொன்னதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டேன். இருந்திருப்பான், அவனுக்குக் கேட்டிருக்காது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நான் கேட்டால் நீ பொய்யைத்தான் இன்னும் இறுக்கிக் கட்டுவாய். அதனால்தான் செபமாலையை அனுப்பினேன். விடாமல் செபம் பண்ணுகிற நெஞ்சில் பொய் நெடுநாள் குடியிருக்காது, தானே வெளியே வந்துவிடும் என்று நம்பினேன். அதற்குப் பதில் வேறு ஏதோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது போலிருக்கிறது.

எது வந்தாலும் வரட்டும். செபமாலையைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். மறுபடி தொடங்கு. முதல் தரத்திலேயே பதில் சொல். பசாசு என்றால் உன் கையில் செபமாலை இருக்கிறது. ஆண்டவர் என்றால் அவரை இத்தனை மாதம் வாசலில் காக்க வைத்திருக்கிறாய். அவள் என்றால்... அவள் என்றாலும் பதில் சொல்லடா. பாவம், எத்தனை தரந்தான் கூப்பிடுவாள்?

அழுதுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கலைந்திருக்கும்.

உன் அக்காள்

*

ஆற்றோரத் தோட்டம்
1927 நவம்பர் 7

என் அன்புக்குரிய அக்காவுக்கு, உடம்பு சுகம்.

நான் வீட்டில்தான் இருந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீட்டம்மாவுக்குப் பேறுகாலம், கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மதலேன் குன்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். வருகிற வழியில் துணியை அலசிக்கொண்டு வரலாம் என்று துறையில் இறங்கியது எனக்குத் தெரியாது. நான் அவள் வைத்துவிட்டுப் போன நெத்திலிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உச்சி வேளை. ஆற்றுப் பக்கமிருந்து கூப்பிட்ட சத்தம் வந்தது. மதலேன் குன்றுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறாள், இது அவள் இல்லை என்று நினைத்தேன். எச்சில் கை. இடக்கையில் ஒரு விரலை மடக்கினேன். மறுபடி கூப்பிட்டது. இரண்டாவது விரலை மடக்கினேன். மூன்றாவது விரலை மடக்கத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா. மூன்றாவது வரவில்லை. நல்லவேளை, காட்டில் உள்ளதுதான், தப்பித்தோம் என்று நினைத்தேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

சாயந்தரம் தோணிக்காரர் கொண்டுவந்தார்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில். அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கிராணியாரே" என்பதும் இல்லை. "என்னங்க" என்கிறது. இந்த உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

போன வெள்ளிக்கிழமை சுவாமியார் தோணியில் வந்தார். ஸ்டோர் மூலையில் பூசை. பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு, "கேட்பது யார் குரல் என்று நான் சொல்ல மாட்டேன். நீ செபத்தை விடாதே. கூப்பிட்டால் போ" என்றார். அவ்வளவுதான் அபராதம்.

மறுபடி தொடங்கிவிட்டேன். அதுவும் தொடங்கிவிட்டது. இப்போது இரண்டு தரம் இல்லை, ஒரே தரம். அடுக்களைத் தட்டிக்கு அந்தப் பக்கம், ஈரத் துணியை வைத்துக்கொண்டு நிற்கிறவள் கதவைத் திறக்கச் சொல்கிற மாதிரி மெதுவாக "என்னங்க". எனக்கு நாக்கு எழும்பவில்லை. பதில் சொல்லி, கதவைத் திறந்து, அங்கே அவள் இல்லாவிட்டால் என்ன செய்வேன்? இருந்தால் எந்த முகத்தோடு பார்ப்பேன்?

எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவள் போன இருபத்திரண்டாம் தேதி வருகிறது.

இன்னாசி

*

சிங்கப்பூர்
1927 நவம்பர் 14

தம்பி, ஒரே வரி. இருபத்திரண்டாம் தேதி உச்சியில் நானும் இங்கே முழந்தாளில் இருப்பேன், அத்தானும் இருப்பார், வலிக்கிற முழங்காலோடு. எண்ணாதே. போ.

செசிலியா

*

சேசு மரி சூசை துணை

ஆற்றோரத் தோட்டம்
1927 நவம்பர் 27

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கும் அத்தானுக்கும் இன்னாசி வணங்கி எழுதுவது. நான் சுகம். உண்மையாகவே சுகம். அத்தான் முழங்காலுக்கு இன்னும் இரண்டு புட்டி எண்ணெய் அனுப்புகிறேன், அவர் சம்பாதித்தது.

செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டில் நூற்றுப் பதினாலு பேரில் ஒரு பெயருக்குப் பதில் இல்லை. கிருஷ்ணம்மா, நாலு மாதத்துக்கு முன் கப்பலில் வந்த விதவை, பால் வெட்டுகிறவள். முதல் நாளும் அவள் வரவில்லை. பெக்கோக்கில் தங்கச்சி இருக்கிறாளாம், அங்கே போயிருப்பாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். "வரவில்லை" என்று எழுதி மூடிவிட்டேன்.

உச்சிக்கு உட்கார்ந்தேன். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தது. பேசி முடித்துவிட்டுக் காதைக் கொடுத்து உட்காரச் சொன்னீர்களே, அப்படி உட்கார்ந்தேன். ரப்பர்க் காய் வெடிப்பதுகூட நின்றிருந்தது. "என்னங்க" என்றது.

"வந்தேன்" என்றேன். வாயைத் திறந்து, சத்தமாக. தட்டியைத் தள்ளினேன். யாரும் இல்லை. அடுத்த "என்னங்க" புளியமரத்துக்கு அப்பால் கேட்டது. "வந்தேன்" என்று நடந்தேன். துறைக்குக் கூட்டிப்போகிறது, ஆற்றில் இறக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன் அக்கா. இறங்கிவிடுவது என்று முடிவு செய்துதான் நடந்தேன். துறையைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தரமும் பத்து மரம் தள்ளி, ஒரே தரம். நான் "வந்தேன்" என்றால்தான் அடுத்தது. வழியில் ஐயாசாமி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து, "போவாதீங்க கிராணியாரே! அது எங்கிட்டோ கூட்டிக்கிட்டுப் போவுது!" என்று கத்தினார். நான் நிற்காததைப் பார்த்து, கத்தியை எடுத்துக்கொண்டு அவரும் பின்னால் வந்தார். பயந்தவர்தான், ஆனாலும் வந்தார்.

பழைய லயத்தில் போய் நின்றது. காய்ச்சல் வருஷம் மூடிய லயம். மூன்றாவது வீட்டில் அத்தாப்பு ஓலைக் கூரையும் உத்தரமும் விழுந்து கிடந்தன. அடியில் கிருஷ்ணம்மா. ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்கப் போனவள் காலில் உத்தரம் விழுந்து இரண்டு நாளாக அங்கேயே கிடந்திருக்கிறாள். கண் திறந்திருந்தது. நாங்கள் இரண்டு பேருமாகத் தூக்கி எடுத்தோம். வாயை அசைத்தாள், மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

டிரஸ்ஸர் கட்டுப் போட்டிருக்கிறார். கால் பிழைக்கும் என்கிறார். அவளை லயத்தில் கொண்டுவந்து இறக்கிய பிறகு ஐயாசாமி ஓரமாகப் போய் உட்கார்ந்து முகத்தில் அடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம உச்சியில நாங்கூடக் கேட்டேன் கிராணியாரே. அந்தப் பக்கமா வந்துக்கிட்டிருந்தேன். ரெண்டு தரம் கேட்டிச்சி. வெரல மடக்கிக்கிட்டு வந்துட்டேன்" என்றார். அவரை என்ன சொல்ல? அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கதையைச் சொன்னேன். உங்களுக்குப் பிறகு அதைக் கேட்ட மனிதர் அவர்தான்.

வியாழக்கிழமை அவளுக்குப் பேச்சு வந்தது. கஞ்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். தொண்டை அடைத்திருந்தவள் எப்படி அன்றைக்குக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். அவள் விழித்தாள்.

"நான் எங்கங்க கூப்புட்டேன்? மொத நாளே கத்திக் கத்தித் தொண்ட போயிடிச்சி. சாமிய நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். அந்தம்மாதான் தைரியம் சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"பக்கத்துல ஒக்காந்து தலையத் தடவிக் குடுத்தாங்களே. பொடவ சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்திச்சி. மழகூட இல்ல. அழுவாத புள்ள, அவரக் கூப்புட்டிருக்கேன். கொஞ்சம் மெதுவாத்தான் வருவாரு, ஆனா இந்தத் தரம் வந்துருவாருன்னு சொன்னாங்க."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, மதலேன் போனதிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதேன்.

சர்வேசுரன் குரலா என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது அக்கா. என் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் யாருக்குப் பதில் சொல்லாமல் இருந்தேனோ, அந்த வாயாலேயே கூப்பிட்டுப் பார்த்தார் போலிருக்கிறது. அவளும் வந்திருக்கிறாள்.

நேற்றுப் பெரட்டில் ஐயாசாமி எல்லார் முன்னாலும் நின்று, "இனிமே யாரு கூப்புட்டாலும் ஒரே தரத்துல ஏன்னு கேளுங்க. பேயா இருந்தா எங்கிட்ட வுடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னார். ஆட்கள் சிரித்தார்கள். நூற்றுப் பதினாலு பெயர் வாசித்துப் பேரேட்டை மூடினேன்.

சிங்கப்பூருக்கே வந்துவிடு என்று இனிமேல் எழுதுவீர்கள் என்று தெரியும். வரமாட்டேன். இங்கே கூப்பிட ஆள் இருக்கிறது. அடுத்த தடவை சுவாமியார் வரும்போது நீங்களும் அத்தானும் வாருங்கள், நெத்திலிக் குழம்பு வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தச் சத்தம் வரவில்லை. மூன்று வேளைச் செபமும் விடாமல் சொல்கிறேன். இன்றைக்கும் உச்சியில் ஐம்பத்து மூன்று மணியும் முடித்துக் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. இருந்தாலும் "வந்தேன்" என்று ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

உங்கள் தம்பி
இன்னாசி